ஏடு பெயர்த்தலும் கோப்புப் பெயர்த்தலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'படி' என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. நூலை ஓதுவதும் படித்தல். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதிக்கொள்வதும் படியெடுத்தல். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே பழந்தமிழ் நூல்களின் மூல ஓலைகள் எவையும் இன்று இல்லை. தலைமுறைதோறும் பெயர் தெரியாத ஒருவர், நைந்த ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு புதிய ஏட்டில் எழுத்தாணியால் பெயர்த்தெழுதினார். நூல்கள் அவ்வழியே வந்து சேர்ந்தன. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை அத்தகைய படிகளே. படியெடுப்பார் இல்லாது போன நூல்களோ, உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களில் பெயரளவில் நிற்கின்றன.

வட்டத்தின் முதற் கூட்டங்களில் தாளைக் கையில் ஏந்திக் கவிதை படித்தோர் பலர். இன்று கைப்பேசியின் திரையைப் பார்த்துப் படிப்போரே பெரும்பான்மையர். எழுதுவதும் அதிலேயே நிகழ்கிறது. பேருந்தில் நின்றபடியே கட்டைவிரலால் தட்டி முடித்த கவிதைக்குக் கையெழுத்துப்படி என்று ஒன்று இல்லை. அடித்தல் திருத்தல் உடைய தாள் இல்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் நோட்டு இல்லை. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு படியாக அது இருக்கிறது. அந்தக் கவிதையை ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து கணிப்பொறிக்குப் பெயர்த்துவைப்பது எவ்வாறு என்பதும், பெயர்த்துவிட்டதாக எண்ணிய பின்னரும் அது வந்து சேராதிருப்பது ஏன் என்பதுமே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடைக்கு இப்பொருள் ஏலாது என்று கருதுவோர் இருக்கலாம். ஏடு தேடியதை இலக்கியத் தொண்டாகப் போற்றும் மேடைக்குத் தன் ஏட்டைக் காக்கும் பொருள் அயலானதாகாது.

கடைகளில் கேபிள் என்று கேட்டு வாங்கும் வடத்திலிருந்தே தொடங்குவது தகும். கணிப்பொறியின் பின்புறம் அச்சுப்பொறிக்கு ஒருவகைத் துளை, விசைப்பலகைக்கு மற்றொருவகைத் துளை என்று இருந்த நிலையை மாற்ற எழுந்ததே யூஎஸ்பி என்னும் பொது இணைப்பு முறை. அதன் முதற் பதிப்பு 1996இல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதற்கான குழுவை வழிநடத்தியவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். 2000இல் வந்த இரண்டாம் பதிப்பின் வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. 2014இல் அறிமுகமாகி இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் காணப்படும் சி வகை முனையில் இருபத்துநான்கு தொடுமுனைகள் உண்டு. எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்தும். எனினும் முனை புதிதாக இருப்பதனால் வேகமும் புதிதாகிவிடும் என்பதில்லை. சி வகை முனை கொண்ட கைப்பேசிகள் பலவற்றின் உள்ளே இயங்குவது 2000ஆம் ஆண்டின் வேகமே. கவிஞர்க்கு அதுவே மிகை என்பது பின்னர்த் தெரியவரும்.

பலர் இடறும் முதற் படி இந்த வடமே. மலிவாகக் கிடைக்கும் சில வடங்களில் பச்சையும் வெள்ளையும் ஆகிய செய்திக் கம்பிகளே இருப்பதில்லை. அவை மின்னேற்றத்துக்கு மட்டும் ஆனவை. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. கைப்பேசி மின்னேறும், கணிப்பொறி மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. கணிப்பொறி கெட்டுவிட்டது என்றோ கைப்பேசி பழுது என்றோ மனம் நோவதற்கு முன்னர், கைப்பேசியுடன் பெட்டியில் வந்த வடத்தையோ வேறொரு வடத்தையோ செருகிப் பார்ப்பது நன்று.

நல்ல வடம் செருகிய பின்னும் கணிப்பொறியில் கைப்பேசியின் பெயர் தோன்றும். அதைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இராது. வெற்றறையைக் கண்டு அஞ்சவேண்டா. 2015இல் வந்த ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பு முதலாக, வடம் செருகியவுடன் கைப்பேசி மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். தன் உள்ளடக்கத்தைக் காட்டாது. தொடர்வண்டி நிலையத்திலும் விடுதியிலும் உள்ள பொது மின்னேற்றத் துளைகளில் செருகும்போது அயலார் கோப்புகளைக் கவர்ந்துவிடாதிருக்க அமைந்த காவல் அது. திரைப் பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழிழுத்தால் தோன்றும் அறிவிப்புகளில் யூஎஸ்பி பற்றியதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' அல்லது கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தால் வெற்றறையில் உறைகள் தோன்றும். விண்டோஸ் கணிப்பொறிக்கும் லினக்ஸ் கணிப்பொறிக்கும் இவ்வளவே போதும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறி ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு தானாக உரையாடுவதில்லை. அதற்கெனத் தனி மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

இந்தக் காவலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு; கவிஞர்கள் கருத்தில் இருத்தவேண்டியது அதுவே. கைப்பேசி தரையில் விழுந்து திரை முற்றிலும் இருண்டுபோகிறது. உள்ளே நினைவகம் பழுதின்றி இருக்கிறது. கவிதைகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் பூட்டைத் திறக்கத் திரை இல்லை. கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தொடவும் திரை இல்லை. வடத்தைச் செருகினால் கணிப்பொறி வெற்றறையையே காட்டும். உள்ளிருப்பவை மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் நினைவகத்தைக் கழற்றி எடுத்தாலும் பயனில்லை. திரையில் படம் தெரிந்து தொடுவுணர்வு மட்டும் போயிருப்பின் ஒரு வழி உண்டு: ஓடிஜி என்று கடைகளில் விற்கும் சிறு இணைப்பியின் துணையால் கணிப்பொறியின் மவுஸைக் கைப்பேசியில் செருகலாம், திரையில் அம்புக்குறி தோன்றும், அதைக்கொண்டு பூட்டைத் திறக்கலாம். படமும் போய்விட்டதாயின் திரையை மாற்றும் பழுதுநீக்கத்தையே நாடவேண்டும். செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தையாவது வாசிக்கலாம். திரை இழந்த கைப்பேசியில் எல்லா எழுத்தும் முழுமையாக இருந்தும் ஓரெழுத்தும் வாசிக்க இயலாது. நோய் வந்தபின் செய்யும் மருத்துவமாக இதைக் கொள்ளாமல், கைப்பேசி நலமாயிருக்கும் நாளிலேயே படியெடுத்துவிட வேண்டும்.

வடத்தின் வழியே நிகழ்வது யாது என்பதைச் சிறிது விளங்கிக்கொண்டால் பல ஐயங்கள் தாமே தீரும். முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008இல் விற்பனைக்கு வந்தது. அக்காலக் கைப்பேசிகள் கணிப்பொறியோடு இணைந்தபோது தம் நினைவக அட்டையை முழுவதுமாக அதனிடம் ஒப்படைத்தன. நூலகத்தின் சாவியையே வந்தவர் கையில் கொடுத்துவிட்டு நூலகர் வெளியே நிற்பதற்கு ஒப்பானது அது. இணைப்பில் உள்ளவரை கைப்பேசி தன் அட்டையைத் தானே திறக்க இயலாது. படங்களும் பாடல்களும் மறைந்துவிடும். வடத்தை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினால் அட்டையின் அட்டவணையே குலைந்துபோகும். 2011இல் வந்த மூன்றாம், நான்காம் பதிப்புகளில் இம்முறை பின்தள்ளப்பட்டு எம்டிபி என்னும் முறை நிலைபெற்றது. எண்மப் புகைப்படக் கருவிகளுக்கு இருந்த ஒரு பரிமாற்ற ஒழுங்கை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விரித்தமைக்க, 2008இல் யூஎஸ்பி அமைப்பினர் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்ட முறை இது. இம்முறையில் சாவி நூலகரிடமே இருக்கிறது. கணிப்பொறி வாயிலில் நின்று, 'இந்த உறையில் என்னென்ன உள்ளன?' என்று கேட்கிறது. கைப்பேசி பட்டியலைத் தருகிறது. 'இன்ன கோப்பு வேண்டும்' என்கிறது; கைப்பேசி அதை எடுத்து நீட்டுகிறது. ஒரு வேளையில் ஒரு வேண்டுகோளே நடக்கும். ஆயிரம் படங்கள் உள்ள உறையைத் திறக்கும்போது கணிப்பொறி நெடுநேரம் தயங்கி நிற்பது இதனாலேயே.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. கணிப்பொறித் திரையில் கைப்பேசியின் உறையில் தெரியும் கோப்பை அங்கேயே திறந்து திருத்திச் சேமிக்க முற்படுவது பொருந்தாது. அதைக் கணிப்பொறிக்குப் படியெடுத்து, அங்கே திருத்தி, வேண்டுமாயின் திரும்ப அனுப்புவதே முறை. மற்றொன்று, பழைய கைப்பேசிகளில் சற்றுமுன் சேமித்த கோப்பு கணிப்பொறியின் கண்ணுக்குத் தென்படாதிருத்தல். கோப்பு இருக்கிறது, நூலகர் தம் பட்டியலில் அதை இன்னும் ஏற்றவில்லை. கைப்பேசியை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் பெரும்பாலும் தென்பட்டுவிடும்.

உறைகளின் பெயர்கள் முதலில் மிரட்டும். டிசிஐஎம் என்பது புகைப்படக் கருவி எடுத்த படங்களின் இருப்பிடம். கையெழுத்துப் படிகளைப் படம்பிடித்தோர் தேடவேண்டிய இடம் அது. டவுன்லோடு என்பதில் இறக்கிக்கொண்டவை இருக்கும். டாகுமென்ட்ஸ் என்பதில் ஆவணங்கள் இருக்கும். கவியரங்க ஒலிப்பதிவுகள் பல கைப்பேசிகளில் ரெக்கார்டிங்ஸ் என்பதில் இருக்கும். வாட்ஸ்அப் வழி வந்த படங்களும் குரல்களும் ஆண்ட்ராய்டு என்னும் உறைக்குள் மீடியா என்பதனுள்ளே சில அடுக்குகள் கீழிறங்கினால் கிடைக்கும்.

இவ்வளவையும் படியெடுத்த கவிஞர், தம் கைப்பேசி முழுவதும் கணிப்பொறிக்கு வந்துவிட்டது என்று நிறைவு கொள்வார். பழைய கைப்பேசியைத் துடைத்துவிட்டுப் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தும் விடுவார். பின்னொரு நாள் தேடும்போது பேரன் பேத்தியரின் படங்கள் அனைத்தும் இருக்கும்; கவிதைகளில் ஒன்றும் இராது. வடம் பழுதன்று, படியெடுத்ததும் பழுதன்று. கவிதைகள் அந்த உறைகளில் என்றுமே இருந்ததில்லை.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனியறை உண்டு. அவ்வறைக்குள் பிற செயலி நுழைய இயலாது. வடத்தின் வழியே வரும் கணிப்பொறியும் நுழைய இயலாது. குறிப்பேட்டுச் செயலியில் தட்டிய கவிதை அந்தத் தனியறையில், அச்செயலிக்கே உரிய தரவுத்தளத்தின் ஒரு வரிசையாகக் கிடக்கிறது. அதற்குக் கோப்புப் பெயர் இல்லை, உறை இல்லை. வடத்தின் மறுமுனையில் உள்ள கணிப்பொறியைப் பொறுத்தவரை அப்படி ஒரு கவிதையே இல்லை. வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட கவிதைகளின் நிலையும் இதுவே. உரையாடலில் வந்த படம் கோப்பாக வெளியே இருக்கும். உரையாடலின் சொற்கள் தனியறையில் இருக்கும். அதன் காப்புப் படி உறைகளில் ஒன்றில் காணப்படினும் அது மறைக்குறியாக்கம் பெற்றது. கணிப்பொறியில் திறந்தால் ஒரு சொல்லும் விளங்காது. படம் பிழைத்துப் பாட்டு மாண்டுபோகும் இந்த விந்தையை, வேறெவரினும் கவிஞரே மிகுதியாகக் கண்டு வருந்த நேரும்.

ஆகவே படியெடுத்தல் வடத்தைச் செருகுவதற்கு முன்னரே தொடங்கவேண்டும். தனியறையில் உள்ளதைப் பொதுக்கூடத்துக்குக் கொணர்வது முதல் வேலை. குறிப்பேட்டுச் செயலிகள் பலவற்றில் 'எக்ஸ்போர்ட்' அல்லது 'சேவ் ஆஸ் ஃபைல்' என்னும் கட்டளை உண்டு. சாம்சங் நோட்ஸ் பிடிஎஃப், வேர்டு, எளிய உரை ஆகிய வடிவங்களில் எழுதித் தரும். கூகுள் கீப் பயன்படுத்துவோர்க்கு வடமே வேண்டுவதில்லை. அதன் குறிப்புகள் அவரவர் கூகுள் கணக்கில் ஏறியிருப்பதால் கணிப்பொறியிலேயே திறந்து எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் உரையாடலைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' என்பதைத் தேர்ந்தால் சொற்கள் எல்லாம் எளிய உரைக் கோப்பாகும்; ஒவ்வொரு கவிதைக்கு முன்னும் அனுப்பிய நாளும் நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். திருத்தும்போது அவை தொல்லையாகத் தோன்றலாம். ஒரு கவிதை எப்போது எழுந்தது என்று பின்னாளில் ஆராய வருபவருக்கோ அவை பெருங்கொடை. இவ்வாறு பெயர் பெற்று டாகுமென்ட்ஸ் உறையில் அமர்ந்த பின்னரே கவிதை வடத்தின் வழி பயணம் செய்யத் தகுதி பெறுகிறது.

மின்னஞ்சலும் மேகச் சேமிப்பும் இருக்க வடம் எதற்கு என்று இளங்கவிஞர் வினவுவது இயல்பு. அவையும் நல்ல வழிகளே. ஆயினும் வடத்துக்கு இணையத் தொடர்பு வேண்டா; கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டா; இடையில் மூன்றாமவர் இல்லை. மேலும், கையெழுத்துப் பக்கத்தின் படத்தை வாட்ஸ்அப் வழி வழக்கம்போல் அனுப்பினால் அது சுருக்கப்பட்டே சேரும். மங்கிய மைக்கோடுகள் மேலும் மங்கும். வடம் எடுத்தது எடுத்தபடியே தரும்.

கவிதையின் எடை பற்றி ஒரு செய்தி. இன்றைய கைப்பேசிகள் தமிழை யூனிகோடு முறையில் எழுதுகின்றன. கோப்பில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'க' மூன்று பைட்டு. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு ஆதலின் ஆறு பைட்டு. புள்ளி வைத்த 'க்' என்பதும் ஆறு. இலக்கணம் மெய்யை அரை மாத்திரை என்றது. கணிப்பொறியிலோ குறிலேறிய 'க'வைப் போல இருமடங்கு இடம் மெய்க்கு! அது நிற்க. ஆயிரம் குறியீடு கொண்ட கவிதை மூவாயிரம் பைட்டு. அத்தகைய கவிதைகள் முந்நூறு எழுதினாலும் ஒன்பது இலட்சம் பைட்டே ஆகும். கைப்பேசி எடுக்கும் ஒற்றைப் புகைப்படம் பெரும்பாலும் இதனினும் பெரிது. ஒரு கவிஞரின் வாழ்நாட் படைப்பு வடத்தைக் கடக்க ஒரு நொடி போதும். இடமின்மையைக் காரணம் காட்டிக் கவிதைக் கோப்பை அழிப்பதற்கு நியாயமே இல்லை.

இனி, வந்து சேர்ந்த இடத்தில் நேரும் இன்னல். கோப்பு பழுதின்றி வந்திருக்கும். திறந்தால் தமிழ் இராது. இரண்டு வகைக் கேடு இதில் உண்டு; இரண்டையும் வேறுபடுத்தி அறியவேண்டும். பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை. கோப்பு சரியாகவே உள்ளது. திறந்த மென்பொருள் அதை வேறு குறிமுறையாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்று குறிமுறையைத் தேர்ந்து மீண்டும் திறந்தால் தமிழ் மலரும். எல்லா எழுத்துக்கும் ஈடாக வினாக்குறிகளே வரிசையாக நின்றால் அது வேறு. தமிழை ஏற்காத பழைய குறிமுறையில் யாரோ சேமித்ததனால் எழுத்துகள் அழிந்து, இடத்துக்கு இடம் வினாக்குறி நடப்பட்டது. அதை எவராலும் மீட்க இயலாது. விண்டோஸின் நோட்பேடு 2019 வரை ஆன்சி என்னும் முறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. பழைய கணிப்பொறி வைத்திருப்போர் சேமிக்கும் முன் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்தல் வேண்டும். ஏடு பெயர்த்தோர் செய்த பிழைக்கு மற்றொரு படியைக் கொண்டு திருத்தம் காண்பது பதிப்பாசிரியர் மரபு. இங்கும் மருந்து அதுவே: கைப்பேசியில் உள்ள மூலத்தை அதுவரை அழிக்காதிருத்தல்.

அழித்தல் பற்றிய பேச்சு வந்ததனால் 'கட்', 'காப்பி' என்னும் இரு கட்டளைகள் குறித்தும் சொல்லவேண்டும். 'கட்' என்பது எடுத்துப்போய் வைத்தல். 'காப்பி' என்பது படியெடுத்தல். கைப்பேசியிலிருந்து எடுக்கும்போது எப்போதும் பின்னதையே கைக்கொள்ள வேண்டும். வடம் இடையில் தளர்ந்தால் பாதிக் கோப்பு மட்டும் கணிப்பொறியில் நிற்கக்கூடும். முழுக் கோப்பு கைப்பேசியில் இருந்தால்தான் திரும்பவும் தொடங்க இயலும். கோப்பின் பெயர் கணிப்பொறியில் தோன்றிவிட்டது என்பதும் சான்றாகாது. திறந்து, இறுதி வரி வரை கண்ணோட்டிப் பார்த்த பின்னரே மூலத்தின்மேல் கைவைக்கலாம்.

பெயரிடுதலிலும் சிறு நுட்பம் உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரில் வினாக்குறியையும் முக்காற்புள்ளியையும் ஏற்பதில்லை. தலைப்பில் வினாவெழுப்பும் கவிஞர்கள் கோப்பின் பெயரிலாவது அதை விடுத்தல் வேண்டும். தமிழிலேயே பெயரிடலாம், தடை எதுவும் இல்லை. மிகவும் இன்றியமையாதது நாள். வடத்தின் வழி படியெடுக்கும்போது கோப்பின் பழைய நாள் பல வேளைகளில் நிலைப்பதில்லை. படியெடுத்த நாளே எழுதிய நாளாகக் காட்டப்படும். பத்தாண்டுக் கவிதைகளை ஒரே மாலையில் பெயர்த்தவர்க்குப் பத்தாண்டும் ஒரே மாலையாகிவிடும். '2019-04-12 மழைக்குப் பின்' என்பதுபோல் ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் பெயரின் முதலிலேயே எழுதிவிட்டால், எந்தக் கணிப்பொறியிலும் கவிதைகள் எழுதிய வரிசையிலேயே நிற்கும். கவிதையின் கால வரிசையைக் கொண்டு கவிஞரின் வளர்ச்சியை அளக்கும் ஆய்வாளர்க்கு இதனினும் பெரிய உதவி இல்லை.

கணிப்பொறியிலிருந்து கைப்பேசிக்குச் செல்லும் எதிர்த்திசைப் பயணம் எளிது. அதே உறைகளைத் திறந்து கோப்பை அங்கே இட்டால் போதும். அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புப் பிடிஎஃப்பைக் கைப்பேசியில் வைத்துப் பேருந்திலேயே திருத்தம் குறிக்கும் வழக்கம் பரவிவருவது மகிழ்ச்சிக்குரியது. பழைய கவிதைகளை அவ்வாறு கைப்பேசிக்குக் கொண்டுசெல்வோர் மட்டும் ஒன்று கவனிக்கவேண்டும். தொண்ணூறுகளிலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் கணிப்பொறியில் தட்டப்பட்ட கோப்புகள் பாமினி முதலிய தனித்தனி எழுத்துருக்களின் குறிமுறையில் உள்ளன. தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். அவ்வெழுத்துரு அங்கே இல்லை. குறிமுறை மாற்றி என்னும் மென்பொருளால் கணிப்பொறியிலேயே யூனிகோடாக்கிய பின்னரே அனுப்பவேண்டும். அச்சகங்கள் சில இன்றும் பழைய எழுத்துருக்களிலேயே பக்கம் கட்டுவதால், மாற்றம் மறுதிசையிலும் நிகழ்கிறது. அந்நிலையில் ஒகர ஓகாரக் கொம்புகள் இடம் மாறி நிற்பதும், கிரந்த எழுத்துகள் உதிர்வதும் உண்டு. மெய்ப்புப் பார்ப்போர் 'கொ', 'கோ', 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவை வரும் சொற்களைத் தனியே ஒருமுறை பார்த்துவிடுவது நலம். இம்மலருக்குக் கவிதை தந்தோர் தம் பக்கங்களில் முதலில் நோக்கவேண்டியனவும் அவையே.